நனைத்துவிட்டுக் காயவிடுங்கள்: பன்றிகளைத் தண்ணீரால் குளிர்விக்கும் முறை

சென்ற கோடையில் ஒரு நாள், பிற்பகல் 2 மணி இருக்கும். கொட்டகையின் கடைசித் தடுப்பில், நாங்கள் செவலை என்று கூப்பிடும் தாய்ப்பன்றி கால்களை நீட்டி ஒருக்களித்துப் படுத்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கடிகாரத்தைப் பார்த்தபடி விலா ஏறி இறங்குவதை எண்ணினேன். அரை நிமிடத்தில் 36, அதாவது நிமிடத்துக்கு 72 மூச்சு. சுகமாக இருக்கும் வேளையில் இதே பன்றி 20 முறைதான் மூச்சு விடும். பூவாளியை எடுத்துத் தோளிலிருந்து இடுப்பு வரை தண்ணீர் தெளித்தேன். ஒரு நிமிடத்துக்குள் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. ஐந்தாறு நிமிடம் கழித்து விலாவின் மேட்டில் ஒட்டிக் கிடந்த மயிர்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து நிமிர்ந்தன. அந்த இடத்தில் புறங்கையை வைத்தேன். காற்றில் உலரும் ஈரத்துணியைத் தொட்டதுபோலச் சில்லென்று இருந்தது. இன்னும் ஈரம் வழிந்துகொண்டிருந்த அடிவயிற்றுப் பக்கம் அந்தச் சில்லிப்பு இல்லை. பதினைந்தாவது நிமிடத்தில் மறுபடி எண்ணினேன். 44.

பன்றிக்குத் தண்ணீர் தெளிப்பவர்களிடம் நான் சொல்ல விரும்புவதெல்லாம் அந்தப் பதினைந்து நிமிடத்தைப் பற்றித்தான். தண்ணீரைத் திறந்துவிட எல்லோருக்கும் தெரிகிறது. எப்போது மூட வேண்டும் என்பதில்தான் தவறு நடக்கிறது. நானும் பல ஆண்டுகள் தவறாகச் செய்தேன். அதற்கு என் பன்றிகள் கொடுத்த விலையை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

தண்ணீர் எப்படிக் குளிர்விக்கிறது

பன்றிக்கு வியர்க்காது என்றே சொல்லிவிடலாம். மூக்கில் கொஞ்சம் ஈரம் சுரக்கும். உடலைக் குளிர்விக்க அது போதாது. தோலுக்கு அடியில் கொழுப்புப் படலம் போர்வைபோல இருக்கிறது. உடலின் பருமனோடு ஒப்பிட்டால் நுரையீரலும் சிறியது. நாயைப்போல இரைத்து இரைத்தே வெப்பத்தை வெளியேற்றிவிட முடியாது. எனவே அது வியர்வைக்குப் பதிலாக வெளியிலிருந்து ஈரத்தைத் தேடுகிறது. சேற்றில் புரள்வது அதனால்தான். சேறு கிடைக்காவிட்டால் தன் சிறுநீரிலும் சாணத்திலும் புரளும். அதைப் பார்த்துவிட்டு அசுத்தமான பிராணி என்று சொல்வது பெரும் அநியாயம். குளிர்ந்த நாளில் அதே பன்றி படுக்கும் இடத்தை விட்டுத் தள்ளிப் போய்த்தான் சாணம் போடும்.

கணக்கு இது. பன்றியின் உடலைவிட 10 டிகிரி குறைவான ஒரு லிட்டர் தண்ணீரை அதன் மேல் ஊற்றினால், அந்தத் தண்ணீர் உடல் சூட்டுக்கு ஏறிவிட்டு வழிந்து போகும்போது எடுத்துச் செல்லக்கூடிய வெப்பம் அதிகபட்சம் 42 கிலோஜூல். அதே ஒரு லிட்டர் தோலில் நின்று ஆவியாகிப் போனால் எடுத்துச் செல்வது ஏறக்குறைய 2,400 கிலோஜூல். 50 மடங்குக்கும் மேல் வித்தியாசம். அதாவது தரையில் ஓடிப்போகும் தண்ணீர் அனேகமாக வீண். ஒரு பெரிய பன்றியின் முதுகிலும் விலாவிலும் ஒட்டி நிற்கக்கூடியது ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீர்தான். அந்த ஒரு டம்ளரை ஒட்ட வைத்து, காற்றில் காயவிட்டு, காய்ந்ததும் மறுபடி ஒரு டம்ளர் கொடுப்பதுதான் வேலை.

என் முதல் கோடையில் கொட்டகை முழுவதும் பனிபோலத் தெளிக்கும் மெல்லிய நாசில்களைப் பொருத்திக் காலை முதல் மாலை வரை ஓடவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் அந்த நுண்துளிகள் தோல் வரை வரவே இல்லை. பாதி காற்றில் மிதந்தது. மீதி மயிர்களின் நுனியில் முத்து முத்தாக நின்றது. காற்றில் ஈரப்பதம் ஏறிக்கொண்டே போனது. மாலையில் பன்றிகள் நண்பகலைவிட மோசமாக இரைத்தன. தரை வழுக்கி இரண்டு தாய்ப்பன்றிகளுக்குக் கால் ஊனமானது. அந்தப் பருவத்தில் சேர்க்கை செய்தவற்றில் பாதிகூடச் சினை நிற்கவில்லை.

வெப்பம் இனப்பெருக்கத்தில் எங்கே கை வைக்கிறது

பன்றி சாகாமல் இருப்பதே வெற்றி என்று நினைத்துவிடக் கூடாது. வெப்பம் செய்யும் சேதத்தில் பெரும்பகுதி வெளியே தெரிவதில்லை. எந்தக் கட்டத்தில் என்ன கெடுகிறது என்று தெரிந்தால், தண்ணீரும் கையும் குறைவாக இருக்கும்போது யாருக்கு முதலில் கொடுப்பது என்று முடிவு செய்யலாம்.

பால் கொடுக்கும் தாய் வெப்பத்தில் தீவனத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஏனென்றால் தின்றது செரிக்கும்போதும் பால் சுரக்கும்போதும் உடலில் சூடு பிறக்கிறது. அதைத் தணிக்க அதற்குத் தெரிந்த வழி தின்னாமல் இருப்பது. பால் குறைகிறது, குட்டிகள் மெலிகின்றன, தாய் தன் உடம்பைக் கரைத்துப் பால் கொடுக்கிறது. அப்படி இளைத்த தாய், குட்டிகளைப் பிரித்த 4 முதல் 7 நாளில் பருவத்துக்கு வர வேண்டியது, 10 நாளுக்கு மேல் இழுத்தடிக்கும். வந்தாலும் அறிகுறிகள் மங்கலாக இருக்கும்.

சேர்க்கைக்குப் பிந்தைய முதல் மூன்று நான்கு வாரங்கள் மிக மென்மையான காலம். இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் கருக்கள் கருப்பைச் சுவரில் ஒட்டிப் பிடிக்கின்றன. அப்போது தாயின் உடல் கொதித்தால் கருக்கள் அழிந்துபோகும். ஒன்றும் தங்காமல் 21-ஆம் நாள் மறுபடி பருவத்துக்கு வரலாம், அல்லது தங்கியும் ஈற்றில் குட்டிகள் குறைந்துபோகலாம். நடுச்சினையில் தாய் ஓரளவு தாங்கும். 114 நாள் சினையின் கடைசி இரண்டு மூன்று வாரங்களில் மறுபடி ஆபத்து. கனத்த வயிறு, உள்ளே வளரும் குட்டிகளின் சூடு எல்லாம் சேர்ந்து அதை அழுத்துகின்றன. செத்துப் பிறக்கும் குட்டிகள் அந்த வாரங்களில்தான் கூடுகின்றன.

கோடைச் சினைக்குறைவுக்கு வெப்பம் மட்டுமே காரணம் இல்லை. பகல் நீண்டு குறையும் பருவ மாற்றமும் பன்றியின் இனப்பெருக்கத்தைத் தொடுகிறது; அதன் காட்டு முன்னோர்கள் பருவம் பார்த்துத்தான் ஈன்றன. அந்தப் பங்கைத் தண்ணீரால் மாற்ற முடியாது. வெப்பத்தின் பங்கை மாற்றலாம்.

ஆண் பன்றியைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். அது அந்த அளவுக்கு முக்கியம்.

எப்போது தொடங்குவது

நமக்கு வியர்க்கும் வரை காத்திருந்தால் தாமதம். பால் கொடுக்கும் தாய்க்கு 22 முதல் 25 டிகிரி செல்சியஸிலேயே சிரமம் தொடங்கிவிடும். வளர்ந்த மற்றப் பன்றிகளுக்கு 26, 27 டிகிரியில் தெளிப்பைத் தொடங்கலாம். தெர்மாமீட்டரைப் பன்றி படுக்கும் உயரத்தில் மாட்டுங்கள், நேர் வெயில் படாமல். ஆனால் பன்றி எட்டிக் கடிக்காதபடி கம்பி வலைக்குள்.

தெர்மாமீட்டரைவிடப் பன்றியின் விலாவை நான் அதிகம் நம்புகிறேன். படுத்திருக்கும் ஐந்தாறு பன்றிகளின் மூச்சைத் தினமும் ஒரே நேரத்தில் எண்ணுங்கள். வளர்ந்த பன்றிக்கு நிமிடத்துக்கு 15 முதல் 25 வரை இயல்பு. 40-ஐத் தாண்டினால் தெளிக்க வேண்டிய நேரம். வாய் திறந்து 80-க்கு மேல் இரைத்தால் அது அவசரநிலை. எண்ணாமலே தெரியும் அறிகுறிகளும் உண்டு. ஒன்றையொன்று தொடாமல் விலகிப் படுக்கும். சாணம் போடும் ஈர மூலையில் போய்ப் படுத்துக்கொண்டு, காய்ந்த படுக்கையில் சாணம் போடும். காலைத் தீவனத்தில் மிச்சம் வைக்கும். தொட்டித் தண்ணீரில் மூக்கை விட்டுச் சிதறடிக்கும். தண்ணீரை வீணாக்குகிறதே என்று அதை அதட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தன்னால் முடிந்த தெளிப்பானைத் தானே செய்துகொள்கிறது.

தெளிப்பதற்கு முன்

நிழலும் காற்றும் இல்லாத இடத்தில் தெளித்து ஒரு பயனும் இல்லை. தகரக் கூரைக்கு வெள்ளை அடியுங்கள், அல்லது மேலே ஓலையோ வைக்கோலோ பரப்புங்கள். பக்கவாட்டை அடைத்திருந்தால் திறந்துவிடுங்கள். விசிறி, பன்றியின் முதுகின் மேல் காற்று ஓடும்படி தாழ்வாக இருக்க வேண்டும். கூரைக்கு அருகில் சுழன்றால் மேலே நிற்கும் சூடான காற்றைத்தான் கீழே தள்ளும். விசிறியும் தண்ணீரும் ஒரே இடத்தில் இருக்கப்போவதால் மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் கருவியைக் கட்டாயம் பொருத்துங்கள். ஒயர்களைப் பன்றிக்கு எட்டாத உயரத்தில் குழாய்க்குள் கொண்டு செல்லுங்கள். ஈரத் தரையில் நிற்கும் பன்றிக்கு மின்சாரம் பாய்ந்தால் அந்தத் தடுப்பில் ஒன்றுகூட மிஞ்சாமல் போகலாம்.

குடிநீரை இன்றே சோதித்துப் பாருங்கள். பன்றி வாயால் அழுத்திக் குடிக்கும் குழாய்முனையான நிப்பிளை அழுத்திப் பிடித்து, ஒரு நிமிடம் ஒரு குவளையில் வரும் தண்ணீரை அளங்கள். பால் கொடுக்கும் தாய்க்கு நிமிடத்துக்கு 2 லிட்டர் வர வேண்டும்; வளரும் பன்றிக்கு ஒரு லிட்டர். குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் தாய் ஒரு நாளில் 20 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும். அரை லிட்டர் வேகத்தில் வரும் நிப்பிளில் அவ்வளவு குடிக்க அது 40 முதல் 80 நிமிடம் வரை நிற்க வேண்டும். நிற்காது. பாதியில் விட்டுவிட்டுப் படுத்துவிடும்.

பிற்பகலில் முதலில் வரும் தண்ணீரை உங்கள் மணிக்கட்டில் விட்டுப் பாருங்கள். வெயிலில் கிடக்கும் கறுப்புக் குழாய் என்றால் கை பொசுங்கும். அதையா குடிக்கச் சொல்கிறோம்? குழாயை மண்ணுக்குள் புதையுங்கள். தொட்டியை நிழலில் வையுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகே என் தாய்ப்பன்றிகள் மதியமும் எழுந்து தீவனத் தொட்டிக்கு வரத் தொடங்கின.

தீவனம் விடியற்காலையிலும், இருட்டிய பிறகும். தின்ற சில மணி நேரத்துக்கு உடல் சூடு ஏறியிருக்கும். அந்த ஏற்றம் நண்பகலோடு சேரக் கூடாது.

தெளிக்கும் முறை

பெரிய துளிகள் வேண்டும். மழைத்துளிபோல விழுந்து மயிரை ஊடுருவித் தோலை நனைக்கும் நாசிலைத் தேர்ந்தெடுங்கள். அழுத்தம் குறைவாக இருந்தாலே போதும். புகைபோல வந்தால் அது இந்த வேலைக்கு ஆகாது. தரையிலிருந்து 1.5 முதல் 1.8 மீட்டர் உயரத்தில், பன்றி நிமிர்ந்தாலும் கடிக்க முடியாதபடி பொருத்துங்கள். குழாயின் தொடக்கத்தில் ஒரு வடிகட்டி வேண்டும். இல்லாவிட்டால் இரண்டே வாரத்தில் பாதி நாசில்கள் அடைத்துக்கொள்ளும்.

எங்கே பொருத்துவது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தடுப்பின் ஒரு பக்கத்தை மட்டும் நனையுங்கள்: சாணம் போடும் பக்கத்தை, அதாவது வடிகால் இருக்கும் பக்கத்தை. பன்றி ஈரமான இடத்தையே சாணத்துக்குத் தேர்ந்தெடுக்கும். படுக்கும் பக்கம் காய்ந்திருந்தால் அது சுத்தமாக இருக்கும். வேண்டும் என்கிற பன்றி நனைந்துவிட்டு வந்து காய்ந்த இடத்தில் படுத்து உலரும், வேண்டாம் என்கிற பன்றி ஒதுங்கியிருக்கும். அந்தத் தேர்வை அதனிடம் விட்டுவிடுவது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. தலைக்கு மேல் நாள் முழுதும் தண்ணீர் கொட்ட, ஒதுங்க இடமில்லாமல் நிற்கும் பன்றியின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தீவனத் தொட்டியின் மேல் தண்ணீர் படவே கூடாது. நனைந்த தீவனம் வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும்.

நேரம்: ஒன்று அல்லது இரண்டு நிமிடம் தெளிப்பு, பிறகு 20 முதல் 30 நிமிடம் நிறுத்தம். டைமரும் மின்வால்வும் இருந்தால் இந்த அளவில் தொடங்குங்கள். ஆனால் டைமரை வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். முதல் நாள் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். தண்ணீர் விலாவிலிருந்து தரைக்குச் சொட்டத் தொடங்கும் கணத்தில் தெளிப்பு நிற்க வேண்டும்; அதற்கு மேல் ஓடினால் நேரத்தைக் குறையுங்கள். முதுகின் பெரும்பகுதி காய்ந்து, மயிர் பிரிந்து, அடிப்பக்கம் மட்டும் ஈரமாக இருக்கும்போது அடுத்த தெளிப்பு வர வேண்டும். அதற்கு முன்பே வந்தால் இடைவெளியைக் கூட்டுங்கள். முழுக்கக் காய்ந்து பத்து நிமிடம் ஆகியும் வராவிட்டால் குறையுங்கள். வறண்ட காற்று வீசும் நாளில் என் கொட்டகையில் 15 நிமிடமே போதுமாக இருக்கும். காற்றில் ஈரம் நிறைந்த நாளில் முக்கால் மணி நேரம்கூட ஆகும்.

டைமர் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. பத்துப் பன்றிகளுக்கு ஒரு பூவாளி போதும். முற்பகல் முதல் மாலை வரை அரை மணிக்கு ஒரு முறை ஒரு சுற்று. காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போனால் நெடுநேரம் தலையை உதறிக்கொண்டே இருக்கும். குழாயை வேகமாகப் பீய்ச்சி அடிக்காதீர்கள். பயந்து ஓடும் பன்றி, நீங்கள் தணித்ததைவிட அதிகச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும்.

உடல் சூடு ஏறிய பிறகு இறக்குவதைவிட ஏறாமல் தடுப்பது எளிது; எனவே முற்பகலிலேயே தொடங்குங்கள். பகலில் சேர்ந்த வெப்பம் பொழுது சாய்ந்ததும் போய்விடாது. மூச்சு 40-க்குக் கீழே இறங்கும் வரை தொடருங்கள். இரவு குளிரும் பருவத்தில் மட்டும், படுக்கும் முன் பன்றி காய்ந்திருக்கும்படி நிறுத்திவிடுங்கள்.

புழுக்கமான நாட்கள்

காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் தோலில் இருக்கும் ஈரத்துக்குப் போக இடமில்லை. நான் கொட்டகையில் ஒரு ஈரத்துணியைத் தொங்கவிடுவேன். அரை மணியில் அது காயத் தொடங்காவிட்டால் அன்று தெளிப்பு சரியாக வேலை செய்யாது. அப்படிப்பட்ட நாளில் தண்ணீரைக் கூட்டுவதுதான் எல்லோருக்கும் தோன்றும். அது எதிர்விளைவையே தரும். இடைவெளியைக் கூட்டி, காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். படுக்கும் தரையைக் குளிர்ந்த நீரால் கழுவித் துடைத்துவிடுங்கள். குளிர்ந்த தரை அடிவயிற்றிலிருந்து நேராகச் சூட்டை இழுத்துக்கொள்ளும். ஒரு தடுப்பில் இருக்கும் பன்றிகளைக் குறைத்து, ஒவ்வொன்றும் முழுதாக நீட்டிப் படுக்க இடம் கொடுங்கள்.

குட்டி ஈன்ற தாய்க்குச் சொட்டு

ஈற்றறையில் இரண்டு தட்பவெப்பம் வேண்டும். தாய்க்கு 20 டிகிரியை ஒட்டி இருந்தால் சுகம். பிறந்த குட்டிக்கு 32 முதல் 34 டிகிரி வேண்டும். நனைந்தால் விறைத்துச் சாகும். இங்கே தெளிப்பான் கூடவே கூடாது. சொட்டுதான்.

தாயின் தலைக்கு மேலே அல்லாமல், கழுத்தும் தோளும் சேரும் இடத்துக்கு நேர் மேலே ஒரு சொட்டுமுனை. மணிக்கு 2 முதல் 3 லிட்டர் விழும் அளவில், சில நிமிடம் சொட்டவிட்டுச் சில நிமிடம் நிறுத்துங்கள். தோள்பட்டையில் பரவும் ஈரம், மடிக்கு இறங்கும் முன்பே காய்ந்துவிட வேண்டும். மடி நனைகிறது என்றால் சொட்டு அதிகம். தண்ணீர் குட்டிகளின் படுக்கைப் பக்கம் ஒரு துளியும் போகாதபடி தரைச் சரிவைப் பார்த்துக்கொள்ளுங்கள். முழங்காலிட்டு ஒரு முறை கையால் தடவிப் பார்த்துவிடுவது என் வழக்கம். ஈன்ற முதல் இரண்டு மூன்று நாள் நான் சொட்டுவிடுவதில்லை. குட்டிகள் அப்போது தாயின் மேலேயே ஒட்டிக் கிடக்கும். அந்த நாட்களில் தாய் மிகவும் இரைத்தால், பிழிந்த ஈரத்துணியைக் கழுத்தில் போட்டுச் சின்ன விசிறியைத் தலைப்பக்கம் மட்டும் திருப்பிவிடுவேன்.

சொட்டு வைத்த ஈற்றறையில் எனக்கு முதலில் தெரிந்த மாற்றம் தீவனத் தொட்டியில்தான். மதியம் நக்கித் துடைத்த தொட்டியைப் பார்ப்பதில் இருக்கும் நிம்மதி தனி.

கிடாய்

பல கொட்டகைகளில் கிடாய்ப் பன்றிக்குத்தான் மிக மோசமான இடம் கிடைக்கிறது: மூலையில், காற்று வராத ஒற்றைத் தடுப்பு. ஒரு தாய்ப்பன்றி வெப்பத்தில் கெட்டால் ஓர் ஈற்று போகும். கிடாய் கெட்டால் அது சேர்ந்த அத்தனை தாய்களின் ஈற்றும் போகும்.

விந்தணுக்கள் உருவாகத் தொடங்கி முதிர்ந்து வெளிவர ஆறு முதல் ஏழு வாரம் ஆகிறது. விதைப்பை உடல் சூட்டைவிடச் சற்றுக் குளிர்ந்திருந்தால்தான் அந்த வேலை நடக்கும். 29, 30 டிகிரிக்கு மேல் சில நாள் தொடர்ந்து வாடினால், உருவாகிக்கொண்டிருக்கும் விந்தணுக்கள் சிதைகின்றன. ஆனால் முன்பே முதிர்ந்தவை இன்னும் இருப்பில் இருக்கும். அதனால் சேதம் இரண்டு வாரம் கழித்துத்தான் வெளிப்படும். பிறகு ஐந்து ஆறு வாரம் நீடிக்கும். அந்த இடைவெளிதான் நம்மை ஏமாற்றுகிறது. வெயில் தணிந்து, மழை பெய்து, எல்லாம் நன்றாக இருக்கும் வாரத்தில் தாய்கள் வரிசையாகத் திரும்பவும் பருவத்துக்கு வரும். தீவனத்தைக் குறை சொல்வோம், தாய்களைக் குறை சொல்வோம். நல்ல தாய்ப்பன்றிகளைக் கழித்து விற்றுவிடுவோம். நான் அப்படி இரண்டை விற்றேன். காரணம் புரிந்தபோது அவை என்னிடம் இல்லை.

கிடாய்க்குக் காற்று ஓடும் நிழலான தடுப்பு, தனி நாசில், 27 டிகிரியில் தெளிப்பு. சேர்க்கை விடியற்காலையில், தீவனத்துக்கு முன். ஒரு எச்சரிக்கை: நனைந்த கிடாயையும் நனைந்த தாயையும் சேர்க்காதீர்கள். தண்ணீர் பட்டால் விந்தணு செத்துவிடும். முந்தைய தெளிப்புக்குப் பிறகு இரண்டும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். செயற்கைக் கருவூட்டலுக்கு விந்து சேகரிக்கும்போதும் அப்படித்தான்: வயிற்றையும் ஆணுறுப்பின் உறைப்பகுதியையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். காய்ச்சல் வந்து மீண்ட கிடாய்க்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

சேற்றுக்குழி

திறந்த வெளியில் வளர்ப்பவர்களுக்குச் சேற்றுக்குழியைவிட நல்ல சாதனம் இல்லை. தோலில் பட்ட வெறும் தண்ணீர் கால் மணியில் காய்ந்துவிடும். சேற்றுப் பூச்சு இரண்டு மணி நேரம்வரை ஈரத்தை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டிருக்கும். வெள்ளைப் பன்றிகளின் தோல் வெயிலில் வெந்துபோகாமல் காப்பதும் அதுதான். வெயிலில் வெந்த முதுகுள்ள தாய், கிடாயைத் தன் மேல் ஏறவிடாது.

குழி நிழலில் இருக்கட்டும். ஒரு சாண் ஆழம், ஒரு பக்கம் சரிவு, இரண்டு மூன்று பன்றிகள் ஒரே நேரத்தில் முழுதாகப் படுக்கும் அகலம். ஒரே ஒரு குழி வெட்டினால் வலுத்தது அதைப் பிடித்துக்கொள்ளும், இரண்டு வெட்டுங்கள். தேங்கிய நீரில் சிறுநீர் சேரும். அதன் வழியாக எலிக்காய்ச்சல் கிருமி பரவினால் சினைகள் கலையும். புழு முட்டைகளும் சேரும். எனவே வாரம் ஒரு முறை வடித்து, அடிச்சேற்றை வாரிப் போட்டு, புதுத் தண்ணீர் விடுங்கள். வடிகட்ட முடியாத பள்ளத்தில் குழி வெட்டாதீர்கள்.

மயங்கி விழுந்தால்

இதை எழுதும்போது எனக்கு ஒரு கிடாயின் முகம் நினைவுக்கு வருகிறது. உச்சி வெயிலில் தடுப்பு மாற்றும்போது அது கீழே விழுந்தது. உதடு நீலம் பாரித்து, வாயில் நுரை தள்ளியது. நான் பதறிப்போய்ப் பனிக்கட்டி போட்ட தண்ணீரை இரண்டு வாளி அதன் மேல் கொட்டினேன். உடல் ஒரு முறை விறைத்து நடுங்கியது. அவ்வளவுதான். வெப்பம் முற்றிய உடலில் திடீரெனக் கடுங்குளிர் பட்டால் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, உள்ளே இருக்கும் சூடு வெளியேற வழியில்லாமல் போகிறது. அந்த அதிர்ச்சியையும் இதயம் தாங்காது.

விழுந்த பன்றியை எழுப்பாதீர்கள், இழுக்காதீர்கள். அது கிடக்கும் இடத்துக்கே நிழலைக் கொண்டு வாருங்கள்: ஒரு சாக்கோ தார்ப்பாயோ போதும். சுற்றியுள்ள தரையை நனையுங்கள். விசிறியை அதன் பக்கம் திருப்புங்கள். சில்லிடாத சாதாரணத் தண்ணீரை முதலில் மூக்கு, காது மடலின் வெளிப்புறம், கால்கள் ஆகிய இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, பிறகு உடலுக்கு வாருங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். தானாகத் தலை தூக்கினால் ஒரு தட்டில் வையுங்கள். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 38.5 முதல் 39.5 வரை இயல்பு. 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. 39.5-ஐ நெருங்கியதும் நனைப்பதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அளவுக்கு மேல் இறங்கிவிடும். கால்நடை மருத்துவரைத் தொடக்கத்திலேயே கூப்பிட்டுவிடுங்கள்.

தடுப்பு மாற்றுவது, தடுப்பூசி போடுவது, எடை பார்ப்பது எல்லாம் விடியற்காலையில் மட்டும். அந்தக் கிடாய்க்குப் பிறகு இந்த விதியை நான் ஒரு நாளும் மீறவில்லை.

சுவரில் ஒரு கோடு

கொட்டகைச் சுவரில் ஒரு கரும்பலகை வைத்திருக்கிறேன். பிற்பகல் 2 மணி வெப்பம், ஐந்து பன்றிகளின் மூச்சு எண்ணிக்கை, அன்றைய தெளிப்பு இடைவெளி. மூன்று குறிப்புகள், சில நிமிட வேலை. வாரம் ஒரு முறை எல்லா நாசில்களையும் ஓடவிட்டுப் பார்த்து, அடைத்தவற்றைக் கழற்றி வினிகர் கலந்த நீரில் ஊறவைப்பேன்.

கிடாயின் தடுப்புக்கு மேல் இன்னொரு குறிப்பு இருக்கும். 30 டிகிரியைத் தாண்டிய கடைசி நாளின் தேதியை அங்கே எழுதி, அதிலிருந்து எட்டு வாரம் தள்ளி ஒரு தேதியை எழுதிக் கீழே கோடு போடுவேன். அந்த நாள் வரும் வரை எந்தத் தாயையும் ஒரே கிடாயை மட்டும் நம்பி விடுவதில்லை. இரண்டு வேளை, முடிந்தால் இரண்டு கிடாய். சேர்க்கைக்குப் பிந்தைய 18-ஆம் நாளிலிருந்து, மறுபடி பருவத்துக்கு வருகின்றனவா என்று அந்தத் தாய்களைத் தினமும் காலையில் சோதிப்பேன். சென்ற கோடையில் செவலையின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தது. 21-ஆம் நாள் காலையில் கிடாயை அதன் தடுப்பைத் தாண்டி நடத்திச் சென்றேன். செவலை திரும்பிக்கூடப் பார்க்காமல், தோள் பாதி காய்ந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தது.